ஒளித்துளிக்குக் காத்திருந்த உணரி

ஒரு சோதனைச்சாலையின் இருட்டுப் பெட்டிக்குள் ஓர் ஒளி உணரி இருந்தது. தூரத்திலிருந்து ஒற்றை ஒளித்துளி வந்ததும் "வந்தாச்சு" என்று கத்த வேண்டும். அதற்கு அது ஒன்றுதான் வேலை. கத்தினால் கண்ணிமைக்கும் நேரம் மூச்சு வாங்கும். அப்போது யார் வந்தாலும் வாய் திறக்க முடியாது.

அது இதுவரை ஒரு துளியையும் பார்த்ததில்லை. எப்படித்தான் இருக்கும் என்று ஒரே யோசனை. ஆவல் தாங்காமல், "வந்தாச்சு" என்று கத்தியது.

"யாரும் வரலை தம்பி," என்றது அதைக் குளிர வைத்திருந்த குளிர்ப்பெட்டி. "காலையிலேருந்து இதே கதை. இன்னொரு தடவை இப்படிச் சொன்னா உன்னைக் கழற்றிட்டு வேற ஆளைப் போடப்போறாங்க."

"காலடிச் சத்தம் கேட்டுச்சு அண்ணே."

"ஒளிக்குக் காலா இருக்கு?"

உணரி வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது. காத்திருக்கக் காத்திருக்க, யாரோ கிட்டே வருவதுபோலவே இருந்தது.

"வந்தாச்சு!"

குளிர்ப்பெட்டி தலையில் அடித்துக்கொண்டது. அந்தக் கணத்தில் ஏதோ ஒன்று உணரியின்மேல் மெல்ல விழுந்து கரைந்தது.

உணரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அது விழுந்த இடத்தைத் தடவிப் பார்த்தது.

"என்ன தம்பி, கோபமா?"

"இப்ப நிஜமாவே வந்துச்சு அண்ணே. கதகதப்பா இருந்துச்சு."

"அடப்பாவி, ஏன் கத்தலை?"

"மூச்சு வாங்கிட்டிருந்தேன்."