இடிக்கிற இடம்

கடைசி வரியை எழுதிவிட்டு அவர் சாக்பீஸை மேசைமேல் போட்டார்.

அது உருண்டு அவள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

கரும்பலகை முழுக்கக் கோழிக்கிறுக்கல். அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி பேராசிரியர் தேவசகாயம், பந்தியைக் கவனிக்கும் கல்யாண வீட்டுக்காரர் போல அறைக்குள் அங்குமிங்கும் நடந்தார். காலையில் பேருந்தில் வரும்போது பளிச்சென்று தோன்றியதாம். டிக்கெட்டின் பின்பக்கத்திலேயே போட்டுவிட்டாராம்.

புள்ளிகள். அவற்றை இணைக்கும் கோடுகள். எந்த ஒரு கோட்டை அழித்தாலும், எந்தப் புள்ளியிலிருந்தும் வெளியே போக இன்னொரு வழி இருக்கும்.

அவளுடைய ஆய்வேட்டில் இதை நிரூபிப்பது ஒன்றுதான் பாக்கி.

ஆய்வேடு முடிந்தால் குவைத்.

போன கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தாள். ஒன்பதாவது மாடி. வேலைக்குப் போகும்போது கணவன் கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான். கை நீட்டுகிறவனில்லை, கத்துகிறவனுமில்லை. தெரியாத ஊர், பத்திரமாக இருக்கட்டும் என்பான். சாயங்காலம் பழம் வாங்கி வருவான். அந்தப் பழத்தைப் பார்த்தாலே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

அம்மாவிடம் சொன்னாள். இத்தனை அக்கறையான மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்றாள் அம்மா.

படிப்பு முடியட்டும் என்கிற சாக்கில்தான் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

பலகையை மறுபடியும் மேலிருந்து கீழே படித்தாள். தப்பே இல்லை. இருக்காது. தை மாதமே விடுதி அறையில் இதைப் போட்டு முடித்துவிட்டாள். அவளுடையது இன்னும் சின்னது. இன்னும் அழகானது. அன்றைக்குக் கட்டிலில் ஏறிக் குதித்தாள். பிறகு ஞாபகம் வந்து இறங்கினாள். தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டாள்.

"சார், புள்ளிங்க ஒத்தப்படையில வந்தா?"

கேட்டதும் அவளுக்கே கூசியது. ஒற்றைப்படையில் வந்தால் ஒன்றும் ஆகாது. எம்.எஸ்சி. முதல் வருடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். விளக்க வாயெடுத்தார்.

நிறுத்தினார்.

தப்பான நிரூபணத்தோடு வருகிற மாணவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சலித்துவிட்டது. சரியான நிரூபணத்துக்கு முன்னால் தப்பான கேள்வியோடு ஒருத்தி நிற்பதை இப்போதுதான் பார்க்கிறார்.

அவள் பலகையைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த அவருடைய போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அடித்தது. வெள்ளிக்கிழமை, அவள் கணவனுக்கு விடுமுறை. வாராவாரம் இந்த நேரத்துக்கு அவரைக் கூப்பிட்டு, எந்த அளவில் இருக்கிறது சார் என்று பவ்யமாகக் கேட்பான். முடிந்த அன்றைக்கே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவரும் இவர்தான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் பலகையைப் பார்த்தார். காலையிலிருந்து அவரைச் சின்னப் பையனாக்கி வைத்திருந்த பலகை.

எடுத்தார்.

"இல்ல தம்பி, முடியல. ஒரு எடத்துல இடிக்கி."

எவ்வளவு நாளாகும் என்று அந்தப் பக்கம் கேட்டது அவளுக்கும் கேட்டது.

"அத எப்பிடிச் சொல்ல முடியும்? கணக்குல்லா."

போனை வைத்துவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டஸ்டர் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

கீழிருந்து அழிக்க ஆரம்பித்தாள். எங்கேயோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பேருந்தில், வேறு யாருக்கோ இது தோன்றத்தான் போகிறது. அதுவரைக்கும்தான்.

மேலே ஒரு வரி மிஞ்சியது.

எந்த ஒரு கோட்டை அழித்தாலும், என்று தொடங்கும் வரி.

கை அதில் கொஞ்சம் நின்றது.

அதையும் அழித்தாள்.