கரிதாத்தின் விருந்தாளி

துடுப்பு முதுகில் இறங்கியதும் ரோமெல் சேற்றில் குப்புற விழுந்தான். அவன் போட்டிருந்த நீலச் சட்டையின் முதுகில் மீன் பண்ணையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த எழுத்தைக் குறி பார்த்தே அடித்தார்கள்.

“பழைய துணிக் கடையில வாங்கினதுங்க! சத்தியமா நான் பண்ணை ஆளு இல்லீங்க!”

“அப்ப எதுக்குடா இங்க வந்த?”

“மணிலாவுலேர்ந்து... சும்மா ஊரைப் பாக்க வந்தேங்க. பழைய மாதா கோவில் இருக்குன்னு சொன்னாங்க...”

“ஊரைப் பாக்க வந்தாராம் துரை!” ஆம்போ அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி முகத்தை ஏரிப் பக்கம் திருப்பினான். “கோவில் மேட்டுமேல இருக்கு. நீ இங்க நின்னு வேலியைப் படம் புடிக்கிற. அடுத்து யாரைச் சுடலாம்னு பாக்க வந்தியா?”

ஏரியில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, ஊர்க்காரர்கள் வலை போட முடியாதபடி பண்ணைக்காரர்களின் மூங்கில் வேலிதான். அந்த வேலியை ஒட்டி, ஆகாயத் தாமரைக்குள் சிக்கிய படகில்தான் ஆம்போவின் அண்ணன் டெல்ஃபின் செத்துக் கிடந்தான். இன்று அவனுக்கு ஒன்பதாம் நாள் ஜெபம். ஜெபத்துக்கு வந்த ஆண்கள்தான் இப்போது கையில் கிடைத்த கட்டையோடு கரையில் நின்றார்கள்.

ரோமெல் கைபேசியை எடுக்கக் கை நீட்டினான். ஒரு பூட்ஸ் கால் கையையும் கைபேசியையும் சேர்த்து மிதித்தது. விரல் முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

“எங்கண்ணனுக்குச் சட்டையெல்லாம் கருகிக் கிடந்துதுடா!” ஆம்போ அவனை உலுக்கினான். “நெஞ்சுல வச்சு அழுத்திச் சுட்டிருக்கீங்க. பண்ணைப் படகைக் கண்டாலே துப்பாக்கியைத் தூக்குற மனுஷன் அவன். எப்படிடா அவ்வளவு கிட்ட போனீங்க? சமாதானம் பேசுற மாதிரி போனீங்களா?”

பதில் சொல்லப் போன வாயில் அடுத்த உதை விழுந்தது. ரோமெல் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான்.

“போதும், நிறுத்துங்க. அண்ணியைக் கூப்புடுங்க. அவங்க கையால ஆரம்பிக்கட்டும்” என்றான் ஆம்போ.

டெல்ஃபினின் மனைவி கரிதாத் ஜெப வீட்டு அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கறுப்பு உடை, கழுத்தை மூடிய கறுப்புத் துணி. கூட்டம் விலகி வழி விட்டது. ஆம்போ தன் வெட்டுக்கத்தியை அவள் கையில் வைத்தான்.

“அண்ணி, முதல் வெட்டு உங்களுது. மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம்.”

கரிதாத் குனிந்தாள். கழுத்துத் துணி நழுவியது. வீங்காமல் மிச்சமிருந்த ஒரு கண்ணால் ரோமெல் அவளைப் பார்த்தான். அவள் காதுக்குக் கீழே ஒரு பழைய ரத்தக்கட்டு மஞ்சளாகிக் கொண்டிருந்தது.

“அக்கா... எனக்கு எதுவும் தெரியாதுக்கா...”

கத்தி இறங்கியது. ரோமெல் அலறினான்.

கிழிந்தது சட்டைதான். கழுத்திலிருந்து இடுப்புவரை அதைக் கிழித்து உருவி ஏரியில் வீசினாள். பிறகு அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

“எருமை! மாமாவோட ஜெபத்துக்கு வாடான்னு கூப்பிட்டா, இந்தச் சட்டையையா போட்டுக்கிட்டு வருவ? உனக்கு மண்டையில என்ன இருக்கு?”



“அண்ணி, இவனைத் தெரியுமா உங்களுக்கு?”

“என் சித்தி பையன்டா.”

ஆம்போ நம்பவில்லை. கத்தியை அவள் கையிலிருந்து வாங்கினான். “உங்க கல்யாணத்துலகூட இவனை நான் பாத்ததில்லையே.”

“உங்கண்ணன் என் வீட்டு ஆளுங்க யாரை வாசப்படி ஏற விட்டாரு ஆம்போ? ஒரு பேரைச் சொல்லு பாப்போம்.”

ஆம்போ கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

“ஊரைப் பாக்க வந்தேன்னுதானே சொன்னான். உங்க பேரைச் சொல்லியிருக்கலாம்ல, அண்ணி?” கூட்டத்தில் ஒருவன் முனகினான்.

“நீங்க அடிச்ச அடியில பயந்து எதையோ உளறியிருப்பான். ஒழுங்கா வாயைத் திறக்க விட்டீங்களாடா நீங்க?” என்று அவள் கத்தியதில் பின்னால் நின்றவர்கள் கட்டைகளைக் கீழே போட்டார்கள். சிலர் நழுவினார்கள். ஆம்போவே வந்து ரோமெலைத் தூக்கி நிறுத்தினான். “மன்னிச்சுக்கப்பா. ஆத்திரத்துல கண்ணு தெரியல” என்று சொல்லித் தன் சட்டையைக் கழற்றி அவன் தோளில் போட்டான்.

கரிதாத் அவனைக் கைத்தாங்கலாகச் சாலைக்கு நடத்திப் போனாள். நிறுத்தத்தில் மணிலா போகும் ஜீப்னி வண்டி நின்றது. கழுத்துத் துணியை அவிழ்த்து அவன் விரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு, கடைசி இருக்கையில் ஏற்றி உட்கார வைத்தாள்.

“முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத.”

ரோமெலுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நல்ல கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, அவ்வளவு பேருல ஒருத்தர்கூட என்னை நம்பலையே. நான் சுடலைன்னு நீங்க மட்டும் எப்படிக்கா நம்பினீங்க?”

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். கரிதாத் கையை விடுவித்துக்கொண்டு, அவன் காதருகே குனிந்தாள்.

“இதுல நம்ப என்ன இருக்கு தம்பி... அவரைச் சுட்டதே நான்தானே.”