பிரிக்காத உறை

கேரேஜ் கதவு மேலேறுகிறது. நவம்பர் வெயில் மஸ்டாங் காரின் மூக்கில் மட்டும் விழுகிறது. அறுபத்தொன்பதில் வந்த, 'பாஸ்' என்ற அபூர்வ ரகம். மிச்சிகன் முழுக்கத் தேடினாலும் இப்படி இன்னொன்று அகப்படாது. லியோனர்ட் இதை ஓட்டியதே இல்லை. ஓட்டினால் மதிப்புப் போய்விடுமாம். இருக்கைமேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை. ஞாயிறுதோறும் துடைப்பதோடு சரி. போன மாதம் அவரைப் புதைத்தோம். அவர் மனைவி மார்லீன், தேவாலயத்துக்குப் போடும் நீலக் கோட்டோடு, பக்கத்து வீட்டுக்காரனான என்னருகே நிற்கிறாள். வண்டியை வாங்கிய க்ரெய்க், தன் டிரெய்லரின் இழுவைக் கம்பியை அதன் அடியில் மாட்டிவிட்டு எழுகிறான்.

"ஸ்டார்ட் பண்ண வேணாம்மா. அப்படியே டிரெய்லர்ல இழுத்து ஏத்திடலாம். யாராவது உள்ள உக்காந்து ஸ்டீயரிங்க நேராப் புடிச்சாப் போதும்."

நான் நகர்கிறேன். மார்லீன் என் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

"நீ சும்மா இரு. கல்யாணமான நாள்லேருந்து கேட்டேன், ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கன்னு. 'உறை கிழிஞ்சிடும்டி'ன்னு சொல்லியே போய்ச் சேந்துட்டாரு."

க்ரெய்க் கார்க் கதவைத் திறந்துவிடுகிறான். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்காருகிறாள். வறண்ட உறை மொடமொடத்து ஒரு மூலையில் கிழிகிறது. அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவள் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைக்கிறாள். கம்பி இறுகுகிறது. என்ஜின் சத்தமில்லாமல், எறும்பு ஊர்வதுபோல், வண்டி வெயிலுக்கு வருகிறது. பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்து அவள் உதடுகள் அசைகின்றன. வண்டி டிரெய்லரில் ஏறி நிற்கிறது.

"அவ்வளவுதாம்மா, எறங்கலாம்."

அவள் கைகள் ஸ்டீயரிங்கை விடவில்லை.

"அதுக்குள்ளயா?" என்கிறாள்.