ஆடி மாதத்து அண்டா

ஆடி முதல் தேதி, விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கூடம் பூட்டப்பட்டது. அங்கே பந்தியில் மிஞ்சும் சோற்றை நம்பித்தான் ஊருக்கு வெளியே காப்பகத்தில் நாற்பத்தொரு நாய்கள் இருந்தன. அரிசி வாங்கப் பணமில்லை. காப்பகத்தை நடத்திய செண்பகவல்லி, அண்டாவோடு சமையல்காரர் தனகோடியின் வீட்டுக்குப் போனார்.

“ஆடியில ஏதும்மா கல்யாணம்? இனி யாராவது செத்தாத்தான் பந்தி. கருமாதி வந்தா சொல்லி அனுப்புறேன்.”

“அப்படிச் சொல்லாதீங்கண்ணே,” என்றார் செண்பகவல்லி. ஆனால் அண்டாவை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

இருபத்துமூன்றாம் தேதி தனகோடியின் மனைவி போன் செய்தார்.

“நெஞ்சுவலியில போயிட்டாரும்மா. இன்னிக்குத்தான் கருமாதி. உங்க அண்டாவுல சோறு எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கங்க.”

சோறு, உயிரோடு மிஞ்சியிருந்த இருபத்தொன்பது நாய்களுக்கும் போதுமானதாக இருந்தது.