தாய்மாமனுக்கு ஒரு தனிக் கார்டு

“நம்ம கடைக் கார்டு கையில கிடைச்சா, செத்தவன்கூட எழுந்து குளிச்சு வேட்டி கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்கு வந்துடுவான்லா!” என்றார் சேதுபதி.

தேக்கா கடைத்தெருவில் கல்யாணக் கார்டு கடை வைத்திருக்கும் சேதுபதி இதைவிடக் குறைத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ஸ்ரீநாத் சிரித்துவிட்டான்.

“அங்கிள், உயிரோட இருக்கிறவங்களே வர்றதில்ல. வாட்ஸ்அப்ல ஒரு ஈ-கார்டு தட்டிவிட்டா போதும்லா.”

“வாட்ஸ்அப்பா?” யாரோ கருவறைக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போல சேதுபதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “அது லிஃப்ட் ரிப்பேர்னு சொல்றதுக்குத் தம்பி. கல்யாணத்துக்கு இல்ல.”

அவர் எடுத்து வைத்த மாதிரிக் கார்டைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. அட்டையைத் திறந்தால் பிள்ளையார். பிள்ளையாரை விலக்கினால் லேசரில் வெட்டிய மயில். தோகையைப் பிரித்தால் சந்தன வாசனை. முகூர்த்த நேரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும் போலிருந்தது.

மணப்பெண் இளமதிக்கு மயிலைப் பற்றிக் கவலையில்லை. அவள் கவலையெல்லாம் செம்பவாங்கில் இருக்கும் தாய்மாமன் கோவிந்தராசுவைப் பற்றி. இளமதியின் அக்கா கல்யாணக் கார்டில் தன் பெயர் அத்தை வீட்டுக்காரர் பெயரைவிடச் சின்ன எழுத்தில் இருந்ததென்று, ஸ்கேல் வைத்து அளந்து பார்த்து, அன்றோடு உறவை அறுத்துக்கொண்ட மகான் அவர். நாடுகளே இதைவிடப் பெரிய காரணம் கிடைத்தால்தான் சண்டைக்குப் போகின்றன.

அம்மா பாப்பாத்தியோ, “என் தம்பி வந்து மாலை எடுத்துக் குடுக்காம நான் மேடை ஏற மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். அப்பா ஏற்கெனவே இல்லை. அம்மாவும் ஏறாத மேடையில் இளமதி யார் காலில் விழுவது?

“அப்பா பேருக்கு முன்னால ‘அமரர்’னு போட்டுடறேன்மா” என்று குறித்துக்கொண்டார் சேதுபதி. “தாய்மாமன் பேரு எங்க வரணும்?”

“எல்லாருக்கும் மேல. தங்க எழுத்துல. பெருசா.”

“என் பேரைவிடவா?” என்றான் ஸ்ரீநாத்.

“ரெண்டு மடங்கு.”

கல்யாணமே மாமாவுக்குத்தானோ என்று முணுமுணுத்தபடி ஸ்ரீநாத் போன் பேச வெளியே போனான். இளமதி குரலைத் தாழ்த்தினாள்.

“அங்கிள், மாமாவுக்குப் போற கார்டு மட்டும் தனியா ஒண்ணு அடிக்கணும்” என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்.

சேதுபதி வாயடைத்துப் போனார். அப்படி ஒரு காட்சியைத் தேக்கா அதுவரை பார்த்ததில்லை.

“நல்லா யோசிச்சியாம்மா?”

“ரொம்ப யோசிச்சாச்சு அங்கிள். நேர்ல போனா கதவைத் திறக்க மாட்டாரு. தபால்ல அனுப்பிடுங்க.”

கல்யாணத்தன்று காத்தோங் கோயில் மண்டபம் நிரம்பி வழிந்தது. பாப்பாத்தி மட்டும் கடைசி வரிசையில், வாசலைப் பார்த்தபடி, நாற்காலியோடு நாற்காலியாக ஒட்டிக்கொண்டிருந்தாள். ஐயர் மூன்றாவது முறையாகத் தாய்மாமனை அழைத்தபோது வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது.

“எவன்டா என்னைக் கொன்னது?”

கப்பல் பட்டறையில் காலமெல்லாம் கத்திப் பழகிய குரல். நாதஸ்வரம் பாதியில் நின்றது. அந்தச் சத்தத்தில் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் நின்ற கப்பல்களெல்லாம் நங்கூரத்தைத் தூக்கிவிட்டதாகக் கேள்வி.

கையில் கார்டோடு உள்ளே வந்தார் கோவிந்தராசு. “அமரர் கோவிந்தராசுவாம்! இன்னிக்குக் காலையில ரெண்டு பரோட்டா சாப்பிட்டேன்லா! ஊரு பூரா இப்படித்தான் அனுப்பினீங்களா?”

ஸ்ரீநாத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. விருந்துக்கு வந்திருந்த சேதுபதியை முறைத்தான். “அங்கிள்! அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பார்க்க மாட்டீங்களா?”

சேதுபதி மின்விசிறியைப் பார்த்தார்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் பயந்துகொண்டே தன் கார்டை நீட்டினார். கோவிந்தராசு வாங்கிப் பார்த்தார். அதில் அவர் எல்லோருக்கும் மேலே, மாப்பிள்ளையைவிட இரண்டு மடங்கு பெரிதாக, தங்க எழுத்தில் உயிரோடு இருந்தார்.

“உங்க கார்டுல மட்டும்தான் மாமா அப்படி” என்றாள் மேடையிலிருந்த இளமதி. “நான்தான் அடிக்கச் சொன்னேன்.”

“நீயா? குத்துக்கல்லாட்டம் இருக்கிற மாமனையா?”

“அப்பா தவறினப்போ ஆள் அனுப்பினோம், நீங்க வரல. அம்மா ஆபரேஷனுக்குப் படுத்திருந்தப்போ சொல்லி அனுப்பினோம், அப்பவும் வரல. மாமா உயிரோட இருந்தா வராம இருப்பாரா? சரி, போயிட்டாரு போலன்னு மரியாதையா போட்டோம்.”

கோவிந்தராசு திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். நரைத்து, பாதியாக இளைத்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பாப்பாத்தி.

இரண்டு கார்டுகளையும் அங்கேயே வைத்துவிட்டு அவளிடம் போனார். அவள் கையைப் பிடித்தார்.

“கார்டுல போட்டது சரிதான்க்கா. செத்துத்தான் கிடந்தேன். எழுந்திரு, மேடைக்குப் போவோம்.”