இன்னும் திறக்காத மலை

தெருமுனைக் குழாயில் நெற்றித் திருநீற்றைக் கழுவிவிட்டு, மஞ்சள் துண்டைப் பைக்குள் திணித்து, மாஸ்க்கை மாட்டிக்கொண்டுதான் வீராசாமி வீட்டுக்குள் நுழைந்தார்.

திருத்தணியில் மாஸ்க் போடுகிற ஒரே ஆள் இப்போது அவர்தான்.

ஜன்னலோரக் கட்டிலில் அவர் மனைவி அம்சா கண்மூடிப் படுத்திருந்தாள். தூரத்துப் பம்பைச் சத்தம் காற்றோடு வருவதும் போவதுமாக இருந்தது. ஆடிக் கிருத்திகை வெயில் திரைச்சீலைக்குப் பின்னால் மஞ்சளாகக் கசிந்தது.

"படி ஏறிகினே இருந்தேங்க. ஒடம்பு பஞ்சாட்டம் இருந்திச்சு. பம்பை கூட கேட்டுச்சு," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

"கனா கண்டிருப்பே அம்சா. கொரோனாவுக்கு மூடின மலைய இன்னும் எங்க தொறந்தாங்க?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். மாஸ்க்குக்குள் இருந்ததால் தப்பித்தது.

முதல் ஊரடங்கில், எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கொரு முறை போடவேண்டிய ஊசி அவளுக்குத் தவறிப்போனது. பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. ஒருநாள் தும்மினாள், அவ்வளவுதான். முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. யாராவது தும்மினால் கொரோனா என்று ஊரே ஓடிய நேரத்தில், இவள் மட்டும் தன் எலும்புக்குப் பயந்து தும்மலை அடக்கினாள்.

அடுத்த அலையில் வீராசாமிக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். அவர் பிழைத்து வந்தால் பூக்காவடி எடுத்துப் படியேறி வருகிறேன் என்று, எழுந்து உட்காரவே முடியாதவள் முருகனிடம் வேண்டிக்கொண்டாள்.

அவர் வந்துவிட்டார்.

இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிவரை நடக்கிறாள். இன்னொரு தடவை எலும்பு உடைந்தால் எழுந்திருக்கவே முடியாது என்று டாக்டர் சொன்னதை அவளிடமே சொல்லிப் பார்த்தாயிற்று. மலை திறக்கட்டும், ஏறுகிறேன் என்பதுதான் அவள் பதில். அப்படியொரு பிடிவாதக்காரி.

மலையைத் திறந்த அன்று வீராசாமிக்குக் கையும் காலும் ஓடவில்லை. கேபிளைத் துண்டித்தார். ஜன்னலுக்குத் திரை போட்டார். மாஸ்க்கை மட்டும் கழற்றவேயில்லை. அவருக்கு அவள் வேண்டும். சாமி கோபித்துக்கொண்டால் தன்னோடு கோபித்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டார்.

வெளியே யாரோ அரோகரா என்றார்கள். தெருவே தூக்கத்தில் முனகுவது போலிருந்தது. அவர் அவசரமாகப் போய் ஜன்னல் கதவைச் சாத்தினார்.

அம்சா மெல்ல எழுந்து உட்கார்ந்து, தலைமாட்டிலிருந்த தைலப் புட்டியை எடுத்தாள். தினமும் அவள் முதுகுக்கு அவர் தடவிவிடும் தைலம் அது. அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. மூடியைத் திறந்து தன் உள்ளங்கையிலேயே ஊற்றிக்கொண்டாள்.

"அந்த மாஸ்க்க கழட்டிட்டு இப்பிடி வந்து ஒக்காருங்க. காவடி தூக்கின தோளு வலிக்காதா?"