நீலப் பட்டன்

புதுச் செயலியின் முதல் திரையில் இரண்டே பேர்: "சேமி" என்ற பட்டனும், பெயர் எழுதும் வெள்ளைப் பெட்டியும்.

"புரோகிராமர் வேலவன் மூணு நாளா என்னைத்தான் இழைக்கிறார். நீல நிறம், வளைஞ்ச முனை, அடியில நிழல்!" என்றது பட்டன்.

"உன்னை அழுத்தினா என்ன நடக்கணும்னு எழுதினாரா?" என்று கேட்டது பெட்டி.

"உனக்குப் பொறாமை."

நான்காம் நாள் வேலவன் செயலியை ஒரு கிளினிக்கில் காட்டினார். நர்ஸ் எஸ்தர் பெட்டியில் நோயாளியின் பெயரை அடித்து, பட்டனை அழுத்தினார். அது அழகாக அமுங்கி எழுந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான்.

"பட்டன் ரொம்ப அழகா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு, எஸ்தர் பழைய நோட்டை எடுத்துப் பெயரைப் பேனாவால் எழுதிக்கொண்டார்.

"கேட்டியா?" என்றது பட்டன்.